விரல்களை எண்ணும் தொலைவு

ஒருவரைப் பார்வையற்றவர் என்று அழைப்பதில் அவரது கண்ணுக்கு இருக்கும் பங்கு, சட்டம் வகுக்கும் எல்லைக்கோட்டுக்கும் உண்டு. இந்தியாவில் அக்கோடு நகர்ந்த வரலாறு இதனைத் தெளிவாக்குகிறது.

1862இல் ஹெர்மன் ஸ்னெலன் என்னும் டச்சுக் கண் மருத்துவர் தம் எழுத்து அட்டையை வெளியிட்டார். அதன் வழியே பார்வைக் கூர்மை பின்னமாக எழுதப்படலாயிற்று. 6/60 என்றால், இயல்பான கண் 60 மீட்டரில் அறிவதை இக்கண் 6 மீட்டரில்தான் அறியும்.

அளவுகோல் கிடைத்த பின்னரும், எஞ்சிய பார்வையைப் பயன்படுத்தினால் அது தேய்ந்துவிடும் என்ற அச்சம் மேலைநாட்டுக் கல்வியாளரிடையே நிலவியது. 1908இல் லண்டனிலும் 1913இல் பாஸ்டனிலும் கண்ணுக்கு வேலையைக் குறைக்கும் தனி வகுப்புகள் தோன்றின. 1964இல் அமெரிக்க ஆய்வாளர் நடாலி பராகா வேறொன்றைக் காட்டினார். பயிற்சி பெற்ற குழந்தைகளின் உருவங்களை வேறுபடுத்தி அறியும் திறன் வளர்ந்தது. கூர்மையின் எண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. குறைபார்வை மறுவாழ்வுக்கு இக்கண்டறிதல் அடித்தளமாயிற்று.

இந்தியாவில் 1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம், 6 மீட்டர் தொலைவிலிருந்து விரல்களை எண்ண இயலாதவரைப் பார்வையற்றவராகக் கொண்டது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் பார்வையின்மைக்கு 6/60 என்ற எல்லையையே ஏற்றது. ஆனால் குறைபார்வையை அது தனி வகையாக்கியது. அவ்வரையறையில் எண்ணே இல்லை. சிகிச்சைக்கும் கண்ணாடிக்கும் பின்னரும் குறை நீடித்தாலும், உரிய கருவியின் துணையோடு தம் பார்வையைக் கொண்டு ஒரு செயலைத் திட்டமிடவோ நிறைவேற்றவோ கூடியவர் என்றது சட்டம்.

2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் அதனிடத்தில் எண்களை வைத்தது. கூர்மை 3/60க்குக் கீழ் இருந்தால் பார்வையின்மை. அதற்கு மேல் 6/18 வரை குறைபார்வை. 2017இல் தேசியத் திட்டமும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவீட்டை ஒட்டி 3 மீட்டருக்கு இறங்கியது. ஆக, 6/60 பார்வை உடையவர் முந்தைய சட்டத்தில் பார்வையற்றவர். பிந்தையதில் குறைபார்வை உடையவர். அவர் கண்ணில் எம்மாற்றமும் இல்லை.

எண்ணுக்கு நியாயம் உண்டு. பார்வையின்மைக்கும் குறைபார்வைக்கும் சேர்த்து அரசுப் பணியில் 1 விழுக்காடு ஒதுக்கப்படும் நாட்டில், சான்றிதழ் ஊருக்கு ஊர், மருத்துவருக்கு மருத்துவர் வேறுபடலாகாது. எனினும் தேவையை எண் சொல்வதில்லை. விழித்திரையின் மையப்பகுதி சிதைந்தவர் தடுமாறாமல் நடப்பார். எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. அவருக்கு உருப்பெருக்கியும் நல்ல வெளிச்சமும் வேண்டும். பார்வைப் புலம் குழாய்போல் சுருங்கியவர் சிறிய எழுத்தையும் படிப்பார், வாசற்படியில் இடறுவார். அவருக்கு வெண்கோலும் நடைப்பயிற்சியும் வேண்டும். சட்டம் இருவரையும் குறைபார்வை என்னும் ஒரே சொல்லில் அடக்கலாம்.

இப்பார்வையைக் கொண்டு, எத்துணையோடு, இவர் எதைச் செய்யக்கூடும் என்று 1995ஆம் ஆண்டின் வரையறை கேட்டது. சட்டத்தின் சொற்களிலிருந்து அக்கேள்வி நீங்கிவிட்டது. சான்றிதழில் எண் எழுதி முடிந்தபின், மறுவாழ்வுப் பணி தொடங்குவது அக்கேள்வியிலிருந்தே.