ஆரோக்கிய சேது

கொரோனா தொற்றாளருடன் தொடர்பில் இருந்தோரைக் கண்டறிய இந்திய அரசு வெளியிட்ட கைபேசிச் செயலி. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இது, 2020 ஏப்ரல் 2 அன்று தமிழ் உட்படப் பல மொழிகளில் அறிமுகமானது.

செயல்பாடு: அருகிலுள்ள கைபேசிகளை ப்ளூடூத் வழியாகவும் இருப்பிடத்தை ஜிபிஎஸ் வழியாகவும் பதிந்து, பயனரின் தொற்று அபாயத்தைக் கணித்தது. சாதாரண கைபேசி, தரைவழித் தொலைபேசி வைத்திருப்போருக்காக 1921 என்ற எண் தரப்பட்டது.

தர மதிப்பீடு: நலச் செயலிகளை மதிப்பிட ஆஸ்திரேலியாவில் 2015-இல் வெளியான 'மார்ஸ்' அளவுகோல், ஈடுபாடு, செயல்திறன், தோற்றம், தகவல் ஆகியவற்றைப் பார்க்கிறது. ஆனால் ஆரோக்கிய சேது மீதான விமர்சனம் பெரும்பாலும் இவற்றைப் பற்றியதல்ல, தனியுரிமை பற்றியது. இருப்பிடத்தைச் சேகரித்ததும், 2020 மே தொடக்கத்தில் அலுவலக ஊழியருக்குக் கட்டாயமாக்கப்பட்டதும் எதிர்ப்புக்கு உள்ளாயின. அம்மாத நடுவில் கட்டாயம் தளர்த்தப்பட்டது. மே 26 அன்று ஆண்ட்ராய்டு பதிப்பின் மூலநிரல் வெளியிடப்பட்டது.

தாராவி: மும்பையில் தமிழர் செறிந்து வாழும் இப்பகுதியில் முதல் தொற்று 2020 ஏப்ரல் 1 அன்று உறுதியானது. தகரச் சுவரும் ஒட்டிய அறைகளும் உள்ள சந்துகளில், சுவருக்கு அப்பால் இருப்பவரின் கைபேசியும் இச்செயலியின் ப்ளூடூத் எல்லைக்குள் வந்து, தொடர்பாகப் பதிவாக வாய்ப்பிருந்தது. வீட்டுக்கு ஒரே கைபேசி என்றால், அது யாரிடம் இருக்கிறதோ அவருடைய நடமாட்டம் மட்டுமே பதிவாக முடிந்தது. இங்கு மாநகராட்சி முதன்மையாக நம்பியது வீடு வீடான பரிசோதனையை. வெப்பமானியும் ஆக்சிமீட்டரும் ஏந்திய ஊழியர்களும் உள்ளூர் மருத்துவர்களும் நோயாளிகளைத் தேடிச் சென்றனர். உலக சுகாதார நிறுவனத் தலைவர் 2020 ஜூலையில் தாராவியை முன்னுதாரணமாகக் குறிப்பிட்டார்.

பின்னாளில் இச்செயலியின் தொடர்பறியும் வசதி நிறுத்தப்பட்டது.