மெட்டு ஏறிய சாமிமார்

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான் தெரியும். அந்த மலையைக் கடக்கும் வழிகளை இப்பகுதி மக்கள் மெட்டு என்பார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, சாக்கலூத்துமெட்டு என்று வரிசையாக இருக்கின்றன. தார்ச்சாலை வருவதற்கு முன் பொதிமாடும் கழுதையும் இந்த வழிகளில்தான் உப்பும் அரிசியும் சுமந்து ஏறின. ஏலக்காயும் மிளகும் சுமந்து இறங்கின. இன்று போடிமெட்டுச் சாலை முந்தலில் தொடங்கி 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. வடகிழக்குப் பருவமழை வலுத்தால் பாறை உருண்டு பாதை அடைபடும். அந்த மழைக் காலத்தில்தான், கார்த்திகை முதல் தேதி, ஐயப்ப சாமிமார் மாலை போடுகிறார்கள்.

போடியிலிருந்து சபரிமலைக்கு நடப்பவர்களுக்குத் தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரை சமவெளி. லோயர்கேம்ப்பில் மலை தொடங்குகிறது. குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு கடந்து, சத்திரம் என்ற இடத்தில் காட்டுக்குள் நுழைந்தால் உப்புப்பாறை, புல்மேடு வழியாகச் சன்னிதானம் சுமார் 12 கிலோமீட்டர். எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் போகும் பெருவழியை விட இது குறுகியது. ஆனால் இதுவும் யானை நடமாடும் பெரியாறு புலிகள் காப்பகம்தான்.

கம்பம் பள்ளத்தாக்குக்கும் சபரிமலைக்கும் உள்ள உறவு நடைபாதையோடு முடிவதில்லை. 1950இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையானது. அடுத்த ஆண்டு புதிய ஐயப்பன் சிலை நிறுவப்பட்டபோது முன்னின்றவர்களில் ஒருவர், சென்னை மாகாண முதலமைச்சராக 1936இல் இருந்த உத்தமபாளையம் பி.டி. ராஜன். அவரும் நாடகக் கலைஞர் நவாப் ராஜமாணிக்கமும் சிலையைத் தமிழகத்து ஊர்களுக்கு ஊர்வலமாகக் கொண்டு சென்றார்கள். ராஜமாணிக்கத்தின் ஐயப்பன் நாடகமும் சேர்ந்துகொள்ள, அதுவரை சிலரே போய்வந்த மலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டார்கள்.

வழியில் எதுவும் நடக்கலாம் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் இந்த யாத்திரையின் வழக்கங்கள் உருவாகியிருக்கின்றன. இருமுடியையே பாருங்கள். தேங்காயின் நாரை உரித்து வழவழப்பாகத் தேய்த்து, கண்ணைத் திறந்து நீரை வடித்து, நெய் ஊற்றித் தக்கையால் அடைப்பார்கள். அது முன்முடியில் போகும், சாமிக்கு உரியது. பின்முடியில் அரிசி, பருப்பு, அவல், வெல்லம். நடப்பவரின் பசிக்கு உரியது. கடையே இல்லாத காட்டில் பல நாள் நடந்தவர்கள் கண்ட ஏற்பாடு இது. புறப்படும்போது "போயிட்டு வர்றேன்" என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. முதல்முறை போகும் கன்னிசாமி தனியாகப் போவதில்லை. பலமுறை மலைக்குப் போன குருசாமிதான் கூட்டத்தை நடத்துகிறார். காலில் கொப்புளம் வெடித்தவருக்காகக் கூட்டம் நின்று, அவரையும் சேர்த்துக்கொண்டுதான் நகரும்.

அத்தனை வழக்கமும் இருந்தும் 2011ஆம் ஆண்டு இந்தப் பாதைக்குப் பேரிடியாக வந்தது.

அந்த ஆண்டு ஜனவரி 14, மகரவிளக்கு நாள். மகரஜோதியைப் பார்ப்பதற்காகப் புல்மேட்டில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. தரிசனம் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். இருட்டு, குறுகிய வழி, இடையில் வாகனங்கள். இரவு எட்டு மணியை ஒட்டி ஏற்பட்ட நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் என வெளி மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். 1999இல் இதே நாளில் பம்பையில் நடந்த விபத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் அதன் பாடம் புல்மேட்டுக்கு வந்து சேரவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில், சீசன் உச்சத்தில், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே முல்லைப் பெரியாறு அணை விவகாரம் வெடித்தது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என எல்லை வழிகளில் போக்குவரத்து முடங்கியது. தேனி மாவட்டத்தைத் தாண்டிப் போக வேண்டிய சாமிமார் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருப்பிவிடப்பட்டார்கள். எதிர்த் திசையில், இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் குழந்தை குட்டிகளோடு காட்டுப் பாதைகளில் நடந்தே தேனிப் பக்கம் இறங்கினார்கள். சாமிமார் ஏற முடியாத மலையில் தொழிலாளர்கள் உயிருக்குப் பயந்து இறங்கி வந்த அந்த மார்கழியை இந்த ஊர்கள் எளிதில் மறக்காது.

அடுத்த கார்த்திகையில் மறுபடியும் மாலை போட்டார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பம்பை மணற்பரப்பும் கட்டடங்களும் அடித்துச் செல்லப்பட்டபோதும், 2020இல் கொரோனாவால் தரிசனம் நாளுக்குச் சில ஆயிரம் பேர் என்று சுருக்கப்பட்டுக் காட்டுப் பாதைகள் மூடப்பட்டபோதும் யாத்திரை நின்றுபோய்விடவில்லை. பாதை திறந்ததும் கூட்டம் திரும்பியது.

இப்போது சத்திரத்தில் பிற்பகலுக்கு மேல் யாரையும் காட்டுக்குள் விடுவதில்லை. இருட்டுவதற்குள் எல்லோரும் சன்னிதானம் சேர வேண்டும் என்பதற்காகவே அந்தக் கட்டுப்பாடு. ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை, அங்கே காவலரோடு வாதிட வேண்டாம். அதேபோல் இரவில் கம்பம் சாலையில் நடக்கும் சாமிமார் ஒளிரும் பட்டையைப் பையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொள்ளுங்கள். அவர்களைக் கடக்கும் ஓட்டுநர்கள் வேகத்தைக் குறையுங்கள்.