விட்டம் இல்லாத வீட்டில் தூளி



நம் குடியிருப்பில் பேரக்குழந்தை வந்திறங்கும் வீடுகளில் முதல் நாளே எழும் கேள்வி, "தூளியை எங்கே கட்டுவது?" எங்கள் வீட்டிலும் எழுந்தது. ஹாலில் ஃபேன் கொக்கியைத் தவிர வேறு கொக்கி இல்லை. அதில் கட்டலாமா என்று கேட்டதும் எலக்ட்ரீஷியன் மறுத்துவிட்டார். ஃபேனைத் தாங்கும் கொக்கியை நம்பிக் குழந்தையை ஆட்டக் கூடாது என்றார்.

கடத்தூரில் நான் வளர்ந்த ஓட்டு வீட்டின் விட்டத்தில் கயிறு தேய்ந்த தடம் ஒன்று இருந்தது. என் அப்பாவும் பிறகு நாங்களும் தூங்கிய தூளியின் தடம் அது. சிலர் இதை ஏணை என்பார்கள், யாழ்ப்பாணத்திலும் ஏணைதான். கான்கிரீட் வீடுகள் வந்தபோது, தளம் போடும் முன்பே ஊஞ்சல் கொக்கி வைக்கச் சொன்னார்கள் ஊர்க்காரர்கள். ஃபிளாட்டில் அப்படிச் சொல்ல நாம் அங்கே இல்லை. இப்போது துளை போடுவதும் சரியல்ல. நமக்குக் கூரையாக இருப்பது மேல்வீட்டாருக்குத் தரை.

கடல் கடந்தும் இதே கதைதான். 1492இல் கொலம்பஸ் பஹாமாஸ் தீவுகளில் இறங்கியபோது, அங்கிருந்த மக்கள் பருத்தி வலைகளைக் கட்டி அதில் உறங்குவதைக் கண்டார். அவர்களுடைய 'அமாக்கா' என்ற சொல்தான் இன்று 'ஹாமக்'. 1597இல் இங்கிலாந்துக் கடற்படை அதைக் கப்பலுக்குள் கொண்டுவந்தது. அங்கே கட்ட மரம் இருந்தது, கப்பலில் உத்திரம் இருந்தது.

கட்ட எதுவுமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? நம் கூலிப் பெண்களுக்கு அது தெரியும். மரம் இருந்தால் வேம்பிலோ புளியிலோ கட்டுவார்கள். வெட்டவெளி என்றால் மூன்று கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி ஊன்றி, நடுவில் சேலையைத் தொங்கவிடுவார்கள். வேலை நகர நகரத் தூளியும் நகரும். கடையில் விற்கும் இரும்பு ஸ்டாண்டு இதன் பேரப்பிள்ளை.

தனியே நிற்கும் தொட்டில் என்றால் எங்கள் பக்கத்தில் வலிக்கும் நினைவும் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் தர்மபுரிக்கும் வந்தது. வளர்க்க முடியாத குழந்தையைக் கொல்லாமல் விட்டுச்செல்ல அரசு வைத்த தொட்டில் அது. எந்த வீட்டு விட்டத்திலும் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கானது. அதை நினைத்தால், ஒரு குழந்தைக்காகக் குடும்பமே இடம் தேடி அலைவது சின்ன விஷயம் இல்லை என்று புரியும்.

ஸ்டாண்டு வாங்குவோர் அந்த மூன்று கழியை நினைவில் வையுங்கள். கால்கள் அகலமாக இருக்க வேண்டும். ஆட்டும்போது ஒரு காலும் தரையை விட்டு எழக் கூடாது. துணியின் அடி தரைக்கு ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். குழந்தை தூங்கியதும் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். குழந்தை மருத்துவர்கள் சொல்வதும் அதுவே.

பெரியவர்களுக்கான ஹாமக் ஸ்டாண்டுக்குக் கணக்கே வேறு. 70 கிலோ ஆள் படுத்தால் இரண்டு கயிற்றுக்கும் 35, 35 என்று பங்கு போட்டால் தப்பு. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருந்தால் ஒவ்வொரு கயிற்றிலும் 70 கிலோ இழுவை வரும். இன்னும் இறுக்கிக் கட்டினால் இழுவை கூடும். ஆகவே குழந்தையின் ஸ்டாண்டில் தாத்தாக்கள் ஆசைக்குக்கூட உட்கார வேண்டாம்.

ஒரு யோசனை. ஒரு வீட்டுக்கு இந்த ஸ்டாண்டு தேவைப்படுவது ஓராண்டுதான். பிறகு பால்கனியில் துருப்பிடிக்கிறது. நம் சங்கமே இரண்டு வாங்கி வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரவல் தரலாமே. பதிவேட்டை எழுத நான் தயார். அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.