ரிச்சி தெருவில் வாங்கிய செலரான்

போன ஆடி மழையில் எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் நின்றுபோனது. பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் விசிறி அரைச் சுற்று சுற்றும், அவ்வளவுதான். தேவர்சோலையில் ஆடி மழை எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, கரண்ட் வரும் நேரத்தைவிடப் போகும் நேரம்தான் அதிகம்.

டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். மூடியைத் திறக்காமலேயே, "காயலான் கடையில போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கங்க சார்" என்றார்கள். வேறு சாமான் என்றால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் அதற்குள் என் மாமியார் இருந்தார்.

1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து கூடலூர், பந்தலூர் பக்கம் குடியேறிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறியது, மண்டபம் முகாமில் கிடந்தது, இங்கே வந்து முதல் கொழுந்து கிள்ளியது எல்லாவற்றையும் 2001ல் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். 43 பக்கம். நாலைந்து வருஷத்தில் அவர் போய்விட்டார். ஃபிளாப்பியில் எடுத்து வைத்திருந்த நகலில் பூஞ்சை பிடித்துவிட்டது. "அம்மா சொன்னது அதுக்குள்ளதானே இருக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

எஸ்டேட் லைனில் இருக்கும் ஐ.டி.ஐ. படித்த பையன் ஒருவன் கேள்விப்பட்டு வந்தான். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்து, "மூணு கெப்பாசிட்டர் வீங்கியிருக்கு தாத்தா. மத்தபடி நல்லாத்தான் இருக்கு" என்றான். பிறகு தயங்கிக்கொண்டே, "இது 300ஏ செலரானா?" என்று கேட்டான். தபால் தலை சேர்ப்பவன் அரிய தலையைக் கண்டால் எப்படிக் கேட்பானோ, அப்படி.

அவன் வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. முட்டை அடுக்கும் அட்டையில், குழிக்கு ஒன்றாக, 286, 386, 486, பென்டியம், கே6 என்று பழைய பிராசஸர்கள். எல்லாம் கோயம்புத்தூர் காயலான் கடைகளில் பொறுக்கியவை. பழைய பலகைகளில் அவற்றை மாற்றி மாற்றிச் சொருகி ஓட்டிப் பார்ப்பதுதான் அவன் பொழுதுபோக்கு. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்த மொழியில் இதற்கு 'பிரிகோலாஜ்' என்று மரியாதையான சொல் உண்டு. நம் வீடுகளில் "எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பான்" என்பார்கள்.

இந்த நோண்டலை வேலையற்ற வேலை என்று சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் சாதாரண மனிதர்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்ததே இந்த வழியில்தான்.

1978ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்கைக் குறைத்துக்கொள்ள அவர்களுக்குச் சம்மதமில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரரான சிவ் நாடாரும் நண்பர்களும் 1976ல் தொடங்கிய எச்.சி.எல். போன்ற உள்நாட்டு நிறுவனங்களுக்கு இடம் கிடைத்தது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து, உதிரிபாக இறக்குமதியைத் தளர்த்தியது. அப்போதும் கம்பெனி முத்திரை போட்ட மெஷின் எங்கள் மாதிரி குமாஸ்தாக்களுக்கு எட்டாத பொருள்தான். ஆபீசில் அதைக் கண்ணாடி அறைக்குள் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு எங்களுக்குக் கை கொடுத்தது. ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பெயர்போன அந்தத் தெருவில், தொண்ணூறுகளில் மதர்போர்டும் ராமும் கூறு கட்டி விற்காத குறையாக விற்றார்கள். ஒரு கடையில் பெட்டி, இன்னொரு கடையில் பலகை, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரிடம் பழைய பிராசஸர். ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும், மாலைக்குள் 'அசெம்பிள்டு' கம்ப்யூட்டர் தயார். நானும் 2000ல் அப்படித்தான் வாங்கி, புதுச்சேரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் காலத்துப் பலகைகளுக்கு ஒரு பெருந்தன்மை இருந்தது. 'சாக்கெட் 7' என்ற ஒரே குழியில் இன்டெல் பென்டியமும் உட்காரும், போட்டிக் கம்பெனிகளான ஏ.எம்.டி.யின் கே6, சைரிக்ஸின் 6x86 ஆகியவையும் உட்காரும். வேடிக்கை என்னவென்றால், 1993ல் வந்த பென்டியத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர் டெல்லி பொறியியல் கல்லூரியில் படித்த வினோத் தாம். 1995ல் அவர் இன்டெல்லை விட்டு நெக்ஸ்ஜென் கம்பெனிக்குப் போனார். அதை ஏ.எம்.டி. வாங்க, அங்கிருந்து 1997ல் கே6 வந்தது. பையனின் முட்டை அட்டையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் குழியில் இருந்தன.

இனி என் செலரான் 300ஏ. 1998ல் வந்த மலிவுச் சரக்கு. அதற்கு முந்தைய செலரானில் 'கேஷ்' எனப்படும் பக்கத்து நினைவகமே இல்லாததால் எல்லோரும் கேலி செய்தார்கள். அதனால் இதில் 128 கிலோபைட் கேஷை சில்லுக்குள்ளேயே, முழு வேகத்தில் ஓடும்படி வைத்தார்கள். விலை உயர்ந்த பென்டியம் 2ல் கேஷ் 512 கிலோபைட்தான், ஆனால் சில்லுக்கு வெளியே, பாதி வேகத்தில்.

எஸ்டேட் சங்குக்கு ஏற்ப ஆட்கள் வேலை செய்வதுபோல, மதர்போர்டு கொடுக்கும் தாளத்துக்கு ஏற்பத்தான் பிராசஸர் ஓடும். அந்தத் தாளம் 66 மெகாஹெர்ட்ஸ். 300ஏ அதை நாலரையால் பெருக்கிக்கொள்ளும்; 300 வரும். நாலரை என்பதை மாற்ற முடியாமல் கம்பெனி பூட்டிவிட்டது. தாளத்தைப் பூட்டவில்லை. பலகையை 100க்கு மாற்றினால், நாலரை மடங்கு 450! பெரும்பாலான சில்லுகள் அந்த வேகத்தையும் தாங்கின. பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2 அளவுக்கு ஓடின. மாற்ற வசதியில்லாத பலகையை ஏமாற்ற, பிராசஸர் அட்டையில் பி21 என்ற ஒரே ஒரு தொடுமுனையைச் சின்ன டேப் துண்டாலோ நகப்பூச்சாலோ மறைத்தார்கள். உலகம் முழுக்க நோண்டுகிறவர்கள் இன்றும் இந்தச் சில்லைத் தேடுவது அதனால்தான். வேகம் கூடினால் சூடும் கூடும். அந்த விஷயத்தில் நம் மலைக்குளிர் அவர்களுக்கு அனுகூலம்.

இன்னொரு சங்கதி. மைக்ரோபிராசஸர் வைத்த முதல் கம்ப்யூட்டர்களில் ஒன்றான மிக்ரால், 1973ல் பிரான்சில் செய்யப்பட்டது. கேட்டவர்கள் வேளாண் ஆராய்ச்சிக்காரர்கள். பயிரிலிருந்தும் மண்ணிலிருந்தும் எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று கணக்கிட அவர்களுக்கு மலிவான மெஷின் தேவைப்பட்டது. தேயிலைக் காட்டுக்குள் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்வேன்.

பழைய சில்லுகளுக்கு இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு. பீங்கான் உடம்புள்ள பழைய பிராசஸர்களில் தங்கப் பூச்சு இருப்பதால், கிலோ கணக்கில் வாங்கி அமிலத்தில் கரைக்கிறார்கள். மொராதாபாத் மாதிரி ஊர்களில் அதனால் ஆறும் மண்ணும் கெட்டது. மின்கழிவு விதிகள் 2012 மே முதல் அமலில் இருந்தும் அது எளிதில் நிற்கவில்லை. பையனுக்கு ஒரு 486 கிடைக்க வேண்டுமானால் அமிலத் தொட்டிக்கு முந்திக்கொள்ள வேண்டும்.

என் மெஷினுக்கு வருகிறேன். கெப்பாசிட்டருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. அது கெட்டு வாயு உண்டானால் தலை உப்பும். வெடிக்காமல் வழிவிடத்தான் தலையில் கீறல் போட்டிருக்கிறார்கள். 2000ஐ ஒட்டிய வருஷங்களில் மட்டமான திரவம் போட்ட கெப்பாசிட்டர்களால் உலகெங்கும் ஏராளமான மதர்போர்டுகள் செத்தன. பையன் முதலில் டிஸ்க்கைக் கழற்றி நகல் எடுத்துக்கொண்டான். அவனுடைய கம்ப்யூட்டரில் அது திறந்தது, ஆனால் தெரிந்ததெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். யூனிகோடு பழக்கத்துக்கு வருமுன் நான் பாமினி எழுத்துருவில் அடித்தது அது. யூனிகோடுக்கு மாற்றித் தருவதாகவும், சரிபார்க்க மூலம் வேண்டும் என்றும் சொல்லி, வேறொரு செத்த பலகையிலிருந்து மூன்று கெப்பாசிட்டர் எடுத்துப் பற்றவைத்தான்.

கரண்ட் இருந்த ஒரு சாயங்காலம் மெஷின் எழுந்தது. அதன் கடிகாரத்தில் 1980 ஜனவரி 1. கோப்பைத் திறந்தேன். தலைமன்னார்க் கரையில் யாரோ கொடுத்த தேங்காய்ப் பன்னைப் பற்றிய பக்கத்தை வீட்டம்மா நின்றபடியே படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எட்டாம் பக்கத்தில் கரண்ட் போய்விட்டது.

இப்போது 43 பக்கமும் யூனிகோடில் இருக்கின்றன. பையன் கூலி வாங்கவில்லை. வேலை முடிந்ததும் செலரானைத் தரச் சொல்லியிருக்கிறான். ஒப்புக்கொண்டேன். கடிகார பாட்டரி மட்டும் இன்னும் வாங்கவில்லை. அடுத்த வாரம் கூடலூர் போகும்போது பார்க்க வேண்டும்.