பருந்தும் புறாவும்: 1968இல் அமெரிக்க வாக்காளர் சொன்னது என்ன?

1968 மார்ச் 12 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் முதன்மைத் தேர்தல் நடந்தது. பதவியிலிருந்த அதிபர் லிண்டன் ஜான்சனின் பெயர் வாக்குச்சீட்டில் அச்சிடப்படவில்லை. அவரை ஆதரித்தோர் அவர் பெயரைக் கையால் எழுதி வாக்களித்தனர். அவரை எதிர்த்து நின்றவர் மினசோட்டா செனட்டர் யூஜின் மெக்கார்த்தி. வியட்நாம் போரைப் பேச்சுவார்த்தையின் வழியே முடிக்க வேண்டும் என்பதே மெக்கார்த்தியின் பரப்புரைக்கு மையம். ஜான்சன் 49 விழுக்காடும் மெக்கார்த்தி 42 விழுக்காடும் பெற்றனர். எண்ணிக்கையில் வென்றவர் ஜான்சனே. ஆயினும் நாடெங்கும் அது அவருடைய தோல்வியாகவே வாசிக்கப்பட்டது. நான்கு நாள்களில் ராபர்ட் கென்னடி களமிறங்கினார். மார்ச் 31 இரவு ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, வட வியட்நாமின் பெரும்பகுதியில் குண்டுவீச்சு நிறுத்தப்படும் என்றும், தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்றும் அறிவித்தார்.

போரை வெறுத்த வாக்காளர்கள் ஓர் அதிபரை வீழ்த்தினர் என்பதே அன்று முதல் இந்நிகழ்வுக்குக் கூறப்படும் விளக்கம். பாடநூல்களிலும் நினைவுக் குறிப்புகளிலும் அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழகக் கருத்தாய்வுகளைக் கொண்டு பிலிப் கான்வர்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1969இல் வெளியிட்ட கட்டுரை அந்த விளக்கத்தைப் புரட்டிப் போட்டது. மெக்கார்த்திக்கு வாக்களித்தோரிடையே, போரை மேலும் தீவிரமாக நடத்த வேண்டும் என்று கருதியோரே மிகுதி. போர் போதும் என்றோரை விட அவர்கள் ஏறத்தாழ மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் கூடுதலாக இருந்தனர். அமைதி வேட்பாளருக்கு விழுந்த வாக்குகளில் பெரும்பகுதி, ஜான்சன் போதிய அளவு போரிடவில்லை என்ற சினத்தினால் விழுந்தது.

ஒரே சீட்டில் ஒரே பெயருக்கு விழுந்த வாக்கு இரு எதிரெதிரான கருத்துகளைச் சுமந்திருந்தது. வெளியுறவுக் கொள்கை குறித்து வாக்காளர் என்ன நினைக்கின்றனர் என்பதைத் தேர்தல் முடிவிலிருந்து படித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு 1968ஆம் ஆண்டு ஒரு கடுஞ்சோதனை.

அவ்வாண்டின் அரசியல் பேச்சு இரண்டு பறவைப் பெயர்களைச் சுற்றியே அமைந்தது. போரை விரிவாக்க விரும்புவோர் பருந்துகள். குறைக்க விரும்புவோர் புறாக்கள். இவற்றுள் பருந்துக்கு வயது அதிகம். 1812இல் பிரிட்டனுடன் போர் தொடுக்க வேண்டும் என்று வற்புறுத்திய காங்கிரஸ் உறுப்பினர்களைப் போர்ப் பருந்துகள் என்று அழைத்தனர். இரு பறவைகளும் எதிரெதிர் இணையாகப் பொதுவழக்கில் ஊன்றியது கியூபா ஏவுகணை நெருக்கடிக்குப் பின்னரே. வெள்ளை மாளிகையில் அப்போது நடந்த ஆலோசனைகளைப் பற்றி ஸ்டூவர்ட் ஆல்சப்பும் சார்ல்ஸ் பார்ட்லெட்டும் 1962 டிசம்பரில் ஓர் இதழில் எழுதிய கட்டுரை இதற்கு வழிவகுத்தது. பருந்துக்கு அஞ்சி வந்த புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியின் கதையை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த உருவகத்தை விளக்க வேண்டியதில்லை. எனினும் ஒரு மூடிய அறையில் பத்துப் பதினைந்து அலுவலர்களை வகைப்படுத்தப் பயன்பட்ட சொற்கள், ஐந்தே ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் வகைப்படுத்தும் கருவியாயின என்பது கவனிக்கத்தக்கது.

காலப் நிறுவனம் அச்சொற்களையே கேள்வியாக்கியது. போர் முயற்சியைக் கூட்ட விரும்பினால் பருந்து, குறைக்க விரும்பினால் புறா. நீங்கள் எது என்று கேட்டது. ஜனவரி இறுதியில் தொடங்கிய டெட் தாக்குதலை அடுத்து, பிப்ரவரியில் 61 விழுக்காட்டினர் தம்மைப் பருந்து என்றனர். புறா என்றோர் 23 விழுக்காட்டினர். ஜான்சனின் மார்ச் 31 உரைக்குப் பின் இரு தரப்பும் 41 விழுக்காட்டில் சமமாகிவிட்டன. இரண்டே மாதத்தில் நேர்ந்த இம்மாற்றத்தில் போர்க்களத்தின் பங்கோடு அதிபரின் உரைக்கும் பங்கிருந்தது. நாட்டின் தலைமை திசை மாறியபோது அதன் பின்னே சென்றோர் பலர்.

அதே நிறுவனம் ஆண்டுதோறும் கேட்ட மற்றொரு கேள்வி, வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறா என்பது. 1965 ஆகஸ்டில் தவறு என்றோர் 24 விழுக்காடு. 1968 ஆகஸ்டில் 53 விழுக்காடு. இதைப் போர் எதிர்ப்பின் வளர்ச்சி என்று எளிதில் கூறிவிடலாம். ஆனால் ‘தவறு’ என்ற சொல்லுக்குள் இரு வாக்கியங்கள் ஒளிந்திருந்தன. போகவே கூடாத இடத்துக்குப் போனோம் என்பது ஒன்று. வெல்லும் எண்ணமில்லாமல் போனோம் என்பது மற்றொன்று. கேள்வி இரண்டையும் ஒரே விடையாக எண்ணிக்கொண்டது.

வாக்காளர் கருத்து இவ்வாறு பிளவுபட்டுக் கிடக்க, வேட்பாளர்கள் எவ்வாறு பேசினர்? குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்சன், புதிய தலைமை போரை முடித்து அமைதியை வெல்லும் என்று நியூ ஹாம்ப்ஷயரிலேயே கூறினார். அத்தொடரில் இரு வினைகள் உள்ளன. புறா ‘முடித்து’ என்பதைக் கேட்டது. பருந்து ‘வெல்லும்’ என்பதைக் கேட்டது. எவ்வாறு முடிப்பது என்று வினவியபோது, நடந்துகொண்டிருக்கும் பேச்சுவார்த்தைக்குக் குந்தகம் விளையக் கூடாது என்று சொல்லி விவரங்களைத் தவிர்த்தார். அவரிடம் ‘இரகசியத் திட்டம்’ இருந்ததாக இன்றளவும் கூறப்படுகிறது. அத்தொடர் அவர் வாயிலிருந்து வந்ததன்று. செய்தியாளரின் சுருக்கவுரையில் பிறந்தது. ஆயினும் வாக்காளர் நினைவில் அது அவருடையதாகவே பதிந்தது.

துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியின் இக்கட்டு வேறு. ஜான்சனின் கொள்கையை விட்டு விலகினால் அதிபரின் சினம். விலகாவிட்டால் கட்சியின் இளையோர் சினம். ஆகஸ்டில் சிகாகோவில் கூடிய கட்சி மாநாட்டில், குண்டுவீச்சை நிபந்தனையின்றி நிறுத்தக் கோரிய அமைதித் தீர்மானம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளின் ஆதரவைப் பெற்றும் தோற்றது. வெளியே தெருக்களில் காவலர்களின் தடியடி நடந்தது. செப்டம்பர் 30 அன்று சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஆற்றிய தொலைக்காட்சி உரையில்தான் ஹம்ஃப்ரி, அமைதிக்காக ஏற்கத்தக்க இடரெனக் கருதிக் குண்டுவீச்சை நிறுத்துவேன் என்றார். அதிலும் நிபந்தனைகள் கோத்திருந்தன. மிகச் சிறிய அந்த விலகலே அவருடைய பரப்புரைக்கு உயிரூட்டியது.

மூன்றாவது வேட்பாளர் ஜார்ஜ் வாலஸின் துணை வேட்பாளரான முன்னாள் விமானப்படைத் தலைவர் கர்ட்டிஸ் லெமே, அக்டோபரில் செய்தியாளர்முன் அணுகுண்டைக் குறித்த அச்சம் மிகையானது என்ற பொருள்படப் பேசினார். தெளிவாகப் பேசியதன் விலையை வாலஸ் செலுத்த நேர்ந்தது.

பெஞ்சமின் பேஜும் ரிச்சர்ட் பிராடியும் 1972இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் இன்றியமையாதது. உடனடி விலகல் ஒரு முனை, முழு வெற்றிக்கான போர் மறுமுனை என ஏழு புள்ளிகள் கொண்ட அளவுகோலில் வேட்பாளர்களைப் பொருத்துமாறு வாக்காளர் கேட்கப்பட்டிருந்தனர். சராசரியில் நிக்சனும் ஹம்ஃப்ரியும் நடுப்பகுதியில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றனர். இது வாக்காளரின் அறியாமையா? ஆய்வாளர்கள் இருவரின் உரைகளையும் வரிவரியாகப் படித்தனர். அவற்றிலும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. வாலஸை ஒரு முனையருகிலும் மெக்கார்த்தியை மறுமுனைப் பக்கத்திலும் அதே வாக்காளர்கள் சரியாக வைத்தனர். அவர்களுக்கு வேறுபாட்டைக் காணத் தெரிந்திருந்தது. இரு பெரிய வேட்பாளர்களிடம் காண்பதற்குத்தான் அது மிகுதியாக இல்லை. அவ்விருவரிடையே பெரிய இடைவெளியைக் கண்ட சிலரும், தாம் விரும்பிய வேட்பாளர் மேல் தம் சொந்தக் கருத்தையே ஏற்றிப் பார்த்திருந்தனர். மங்கலான சொல் கேட்பவரின் விருப்பத்தால் நிரப்பப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

வாக்காளர் அறியவே இயலாத ஒன்றும் இருந்தது. அக்டோபர் 31 அன்று ஜான்சன் வட வியட்நாம் மீதான குண்டுவீச்சு முழுவதையும் நிறுத்தினார். நவம்பர் 2 அன்று தென் வியட்நாம் அதிபர் தியூ, பாரிஸ் பேச்சுவார்த்தையில் தம் அரசு கலந்துகொள்ளாது என்றார். நிக்சன் தரப்பு ஆனா ஷெனால்ட் வழியாகச் சைகோனுடன் தொடர்பு வைத்திருந்ததை ஜான்சன் அறிந்திருந்தார், வெளியிடவில்லை. அத்தொடர்பைத் தொடருமாறு நிக்சன் அறிவுறுத்தியதைக் காட்டும் ஹால்டமனின் கையெழுத்துக் குறிப்புகள் அரை நூற்றாண்டு கழித்தே வெளிச்சத்துக்கு வந்தன.

நவம்பர் 5 அன்று நிக்சன் 43.4, ஹம்ஃப்ரி 42.7, வாலஸ் 13.5 விழுக்காடு பெற்றனர். முதல் இருவருக்கும் இடையே ஏறத்தாழ 5 லட்சம் வாக்குகளே வேறுபாடு. இம்முடிவு போரைப் பற்றி என்ன ஆணையிட்டது? நிக்சனுக்கு வாக்களித்தவர்களுள் விரைவில் வெளியேற வேண்டும் என்றோரும் இருந்தனர். வென்றே தீர வேண்டும் என்றோரும் இருந்தனர். அதன்பின் படைகள் படிப்படியாகத் திரும்பின. அதே வேளையில் போர் கம்போடியாவுக்கும் பரவியது. இரண்டையும் மக்கள் ஆணை என்றே விளக்க முடிந்தது. 1973 ஜனவரியில் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாவதற்குள் மேலும் 20,000க்கும் அதிகமான அமெரிக்க வீரர்களும், அவர்களைவிடப் பன்மடங்கு வியட்நாமியரும் மாண்டனர்.

தேசப் பாதுகாப்பைப் பற்றி வாக்காளருக்குக் கருத்தில்லை என்ற பழைய முடிவை 1968ஆம் ஆண்டின் தரவுகள் மறுக்கின்றன. கருத்து இருந்தது, அதில் உறுதியும் இருந்தது. அதைச் சொல்வதற்குரிய தேர்வு வாக்குச்சீட்டில் இல்லை. கருத்துக் கணிப்பின் சொற்களும் அதைப் பிரித்தறியவில்லை. தேர்தல் முடிவைக் கொண்டு மக்கள் போரை விரும்பினர் என்றோ வெறுத்தனர் என்றோ எழுதும் வரலாற்றாசிரியர் முதலில் வேட்பாளர்களின் உரைகளைப் படிக்க வேண்டும்; அடுத்து, கேட்கப்பட்ட கேள்வியின் சொற்களைப் படிக்க வேண்டும். இவ்விரண்டையும் கடந்த பின்னரே விழுக்காடுகளுக்குப் பொருள் கூற இயலும்.