ஆங்கிலத்தில் நிலவு சார்ந்த சொற்கள்

ஆங்கிலத்தில் நிலவு சார்ந்த சொற்கள் என்பன, நிலவைக் குறிக்கும் வேர்ச்சொற்களிலிருந்தோ நிலவைப் பற்றிய நம்பிக்கைகளிலிருந்தோ தோன்றி ஆங்கில மொழியில் வழங்கிவரும் சொற்களும் சொற்றொடர்களும் ஆகும். இவற்றுட் பல இன்று நிலவை நேரடியாகக் குறிப்பதில்லை. மாதம், கிழமை, கல்விப் பருவம், முழங்கால் குருத்தெலும்பு, வேதித் தனிமம், கள்ளச்சாராயம், புதுமண வாழ்வு எனப் பல்வேறு பொருள்களை அவை தருகின்றன. இச்சொற்களுள் "லூனட்டிக்" என்பது பல நூற்றாண்டுகள் சட்டச் சொல்லாக நிலைத்து, மனநோயுற்றோரின் சொத்துரிமையையும் தன்னுரிமையையும் முடிவு செய்யப் பயன்பட்டது. அவ்வகையில் இது ஏனையவற்றிலிருந்து வேறுபடுகிறது.

வேர்ச்சொற்கள்

ஆங்கிலத்துக்கு நிலவு சார்ந்த சொற்கள் முதன்மையாக மூன்று வழிகளில் வந்தன. அவை செருமானிய மொழிக்குடும்ப மரபு, இலத்தீன், கிரேக்கம் என்பனவாகும்.

"மூன்" என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் "மோனா" என வழங்கியது. இது பழைய ஆங்கில இலக்கணத்தில் ஆண்பாற் சொல்லாகும். இதன் தொல் இந்தோ-ஐரோப்பிய வேர் "அளத்தல்" என்னும் பொருளுடைய வேருடன் தொடர்புடையதாகக் கொள்ளப்படுகிறது. இலத்தீன் மொழியின் "மென்சிசு" (மாதம்), கிரேக்க மொழியின் "மேன்" (மாதம்), "மேனே" (நிலவு), சமசுகிருதத்தின் "மாச" ஆகியனவும் இவ்வேரிலிருந்து வந்தவையே.

இலத்தீன் மொழியில் நிலவைக் குறிக்கும் "லூனா" பெண்பாற் சொல். இது "ஒளி" என்னும் பொருளுடைய வேறொரு வேரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் "லைட்" என்னும் சொல்லும் அவ்வேரைச் சேர்ந்ததே. கிரேக்கத்தில் நிலவுக்கு வழங்கும் மற்றொரு பெயரான "செலேனே" என்பதும் ஒளியைக் குறிக்கும் சொல்லுடன் தொடர்புடையது.

எனவே இச்சொற்களின் அடியில் இரண்டு கருத்துகள் உள்ளன. ஒன்று காலத்தை அளக்கும் கருவியாக நிலவைக் கண்டது. மற்றொன்று இரவின் விளக்காகக் கண்டது. நிலவு தேய்ந்து வளர்வதால் ஏற்பட்ட நிலையின்மை என்னும் மூன்றாவது கருத்து, வேர்ச்சொல்லில் இல்லாமல் பிற்கால வழக்கில் சேர்ந்ததாகும்.

காலக்கணக்குச் சொற்கள்

ஒரு முழுநிலவிலிருந்து அடுத்த முழுநிலவு வரையிலான காலம் சராசரியாக 29.53 நாட்கள் ஆகும். இக்கால அளவே "மன்த்" என்னும் சொல்லுக்கு அடிப்படை. இது "மூன்" என்பதிலிருந்து பிறந்தது. இன்றைய ஆங்கில நாட்காட்டி கதிரவனை அடிப்படையாகக் கொண்டதால், அதன் மாதங்களுக்கும் நிலவின் பிறைகளுக்கும் தொடர்பில்லை. பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.

"மண்டே" என்பது "நிலவின் நாள்" எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் மொழிபெயர்ப்பாகும். பிரெஞ்சு மொழியில் இந்நாளின் பெயரான "லண்டி" இலத்தீன் வேரையே கொண்டுள்ளது.

"செமஸ்டர்" என்னும் சொல், ஆறு என்னும் பொருளுடைய "செக்சு", மாதம் என்னும் பொருளுடைய "மென்சிசு" ஆகிய இரு இலத்தீன் சொற்களின் சேர்க்கையிலிருந்து வந்தது. செருமானியப் பல்கலைக்கழகங்களின் வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. "டிரைமஸ்டர்" என்றால் மூன்று மாதங்கள் என்பது பொருள். கருவுற்ற காலத்தை மூன்று பகுதிகளாகப் பிரிக்க மருத்துவர்கள் இச்சொல்லைப் பயன்படுத்துகின்றனர்.

மாதவிடாயைக் குறிக்கும் "மென்சஸ்" என்பது மாதங்கள் என்னும் பொருளுடைய இலத்தீன் பன்மைச் சொல்லே. பூப்பெய்தலைக் குறிக்கும் "மெனார்க்கி", மாதவிடாய் நிற்றலைக் குறிக்கும் "மெனோபாஸ்" ஆகியன கிரேக்க வேர்களைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. பின்னதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர் சார்லசு டி கார்தான் உருவாக்கினார்.

வடிவம் சார்ந்த சொற்கள்

பிறை வடிவத்தைக் குறிக்கும் "கிரெசண்ட்" என்னும் சொல், "வளர்தல்" என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து வந்தது. முதலில் வளர்பிறையை மட்டும் குறித்த இது, பின்னர் எப்பிறைக்கும் அவ்வடிவப் பொருள்களுக்கும் பொதுவாயிற்று. பிறை வடிவ ரொட்டியான "குரோசான்" இதன் பிரெஞ்சு வடிவமாகும்.

"மெனிஸ்கஸ்" என்பதற்குக் கிரேக்கத்தில் "சிறு நிலவு" என்று பொருள். ஒரு புறம் குழிந்தும் மறு புறம் குவிந்தும் உள்ள வில்லை, குழாயில் உள்ள நீர்மத்தின் வளைந்த மேற்பரப்பு, முழங்கால் மூட்டில் உள்ள பிறை வடிவக் குருத்தெலும்பு ஆகிய மூன்றும் இப்பெயரால் அழைக்கப்படுகின்றன. விளையாட்டு வீரர்களுக்கு அடிக்கடி கிழிவது இக்குருத்தெலும்பே.

நகத்தின் அடியில் தோன்றும் வெண்ணிறப் பிறை "லுனுலா" எனப்படும். மணிக்கட்டு எலும்புகளுள் ஒன்று "லூனேட்" என்றும், இதயத்திலிருந்து பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் புறப்படும் இடங்களில் உள்ள வால்வுகள் "செமிலூனார்" என்றும் பெயர் பெற்றன. இவையனைத்தும் வடிவ ஒப்புமை கருதி இடப்பட்ட பெயர்களாகும்.

அறிவியற் சொற்கள்

1817ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சிலியசு, கந்தக அமிலத் தொழிற்சாலை ஒன்றின் கசடை ஆராய்ந்தபோது அதில் தெலூரியம் இருப்பதாக முதலில் கருதினார். பின்னர் அது புதிய தனிமம் என உணர்ந்தார். தெலூரியம் என்னும் பெயர் புவியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்திருந்ததால், அதனை ஒத்த புதிய தனிமத்துக்கு நிலவின் கிரேக்கப் பெயரைக் கொண்டு "செலீனியம்" எனப் பெயரிட்டார். இதன் அணு எண் 34.

இடைக்கால இரசவாதிகள் வெள்ளியை நிலவுடன் தொடர்புபடுத்தி அதனை "லூனா" என்றே அழைத்தனர். மருக்களைச் சுட்டு நீக்கப் பயன்பட்ட வெள்ளி நைத்திரேட்டு "லூனார் காஸ்டிக்" எனப் பெயர் பெற்றது இதனாலேயே. நிலவின் மேற்பரப்பை வரைபடமாக்கும் துறை "செலினோகிராஃபி" எனப்படும். 1647இல் யொகான்னசு எவேலியசு வெளியிட்ட நிலவு வரைபட நூலின் தலைப்பு இச்சொல்லின் இலத்தீன் வடிவமாகும்.

இரவு சார்ந்த சொற்கள்

நிலவொளியில் நடைபெறும் செயல் பிறர் அறியாமல் நடைபெறுவது என்னும் கருத்தில் சில சொற்கள் தோன்றின.

"மூன்ஷைன்" என்பதன் நேர்ப்பொருள் நிலவொளி. பின்னர் உள்ளீடற்ற பேச்சு என்னும் பொருளும், அதன் பின்னர்க் கள்ளத்தனமாகக் கொண்டுவரப்படும் அல்லது காய்ச்சப்படும் மது என்னும் பொருளும் ஏற்பட்டன. 1785இல் வெளியான பிரான்சிசு குரோசின் கொச்சைமொழி அகராதி, இங்கிலாந்தின் கென்ட், சசெக்சு கடற்கரைகளில் கடத்தப்பட்ட பிராந்தியை இச்சொல்லால் குறிக்கிறது.

"மூன்லைட்டிங்" என்பது ஒரு பணியில் இருந்துகொண்டே மற்றொரு பணியையும் செய்வதைக் குறிக்கும். 1880களில் அயர்லாந்தில் நில உரிமைப் போராட்டத்தின்போது இரவில் நடைபெற்ற தாக்குதல்களை இச்சொல் குறித்தது. இன்றைய பொருள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பரவியது. 2022இல் இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் இது குறித்து விவாதம் எழுந்தபோது இச்சொல் இந்திய நாளிதழ்களில் பரவலாக இடம்பெற்றது.

அரிதும் நிலையின்மையும்

"புளூ மூன்" என்னும் தொடர் மிக அரிதாக நிகழ்வதைக் குறிக்கும். ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது முழுநிலவு என்னும் பொருள் இதற்குப் பிற்காலத்தில் ஏற்பட்டது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலப் பஞ்சாங்கம் ஒன்று, நான்கு முழுநிலவுகள் வரும் பருவத்தில் மூன்றாவதையே இப்பெயரால் குறித்தது. 1946இல் வானியல் இதழ் ஒன்றில் எழுதிய சேம்சு இயூ புருவெட் இதனைத் தவறாகப் புரிந்துகொண்டதால் புதிய பொருள் பிறந்தது. அவ்விதழே 1999இல் பிழையைச் சுட்டிக்காட்டியது. எனினும் அதற்குள் புதிய பொருள் நிலைபெற்றுவிட்டது.

"ஹனிமூன்" என்னும் சொல் 16ஆம் நூற்றாண்டில் வழக்கில் இருந்தது. 1552இல் வெளியான ரிச்சர்டு உலோயெட்டின் அகராதி, தொடக்கத்தில் நிறைந்திருக்கும் அன்பு நிலவைப் போல் பின்னர்த் தேயும் என்னும் கருத்தில் இதனை விளக்குகிறது. எனவே இச்சொல்லில் தொடக்கத்தில் ஓர் எள்ளல் இருந்தது. புதுமண இணையர் மேற்கொள்ளும் பயணம் என்னும் பொருள் பின்னரே ஏற்பட்டது.

மனநோயும் சட்டமும்

"லூனட்டிக்" என்னும் சொல் பிற்கால இலத்தீனின் "லூனாத்திகுசு" என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நிலவின் மாற்றங்களுக்கு ஏற்ப வலிப்போ மனக்கலக்கமோ வந்து போகும் என்னும் பண்டைய நம்பிக்கையே இதன் அடிப்படை. மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலம், வலிப்பு நோயுற்றோரை நிலவின் பெயரிலிருந்து பிறந்த வினைச்சொல்லால் குறிக்கிறது. இலத்தீன் மொழிபெயர்ப்பும், 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதனைப் பின்பற்றின.

இங்கிலாந்துச் சட்டத்தில் இந்நம்பிக்கைக்கு நடைமுறை விளைவு இருந்தது. அரசரின் தனியுரிமைகள் குறித்த இடைக்காலச் சட்டம், பிறவியிலேயே அறிவுத்திறன் அற்றவரையும், இடையில் அறிவு கலங்கித் தெளிவு நேரங்களும் உடையவரையும் வேறுபடுத்தியது. முன்னவரின் நிலத்திலிருந்து வரும் வருவாயை அரசர் எடுத்துக்கொள்ளலாம். பின்னவரின் நிலத்தையோ அவர் குணமடையும்போது திருப்பித் தரும் வகையில் காக்க வேண்டும். இரண்டாம் வகையினரைச் சட்ட அறிஞர்கள் "லூனட்டிக்" என அழைத்தனர். 1765இல் வில்லியம் பிளாக்சுடோன் தம் சட்ட விளக்க நூலில் இவ்வேறுபாட்டை விவரித்தபோது, தெளிவு நேரங்கள் நிலவின் மாற்றத்தைச் சார்ந்தவை என்னும் கருத்தையும் குறிப்பிட்டார். அதாவது, இச்சொல் தொடக்கத்தில் மீண்டு வரக்கூடியவர் என்னும் பொருளையும் உள்ளடக்கியிருந்தது.

நாளடைவில் அவ்வேறுபாடு மறைந்தது. 1912ஆம் ஆண்டின் இந்திய மனநோயர் சட்டம், பிறவிக் குறைபாடு உடையவரையும் மனநலம் குன்றியவரையும் ஒருசேர "லூனட்டிக்" என வரையறுத்தது. ஆபத்தானவர் எனக் கருதப்பட்டுத் திரிபவரைக் காவல்துறையினர் பிடித்து நீதித்துறை நடுவர் முன் நிறுத்தவும், நடுவரின் ஆணையால் காப்பகத்தில் அடைக்கவும் அது வழி செய்தது.

சென்னையில் 1794ஆம் ஆண்டு மருத்துவர் வாலண்டைன் கொனொலி மனநோயர் காப்பகம் ஒன்றை நிறுவினார். அரசின் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது. 1922இல் அதன் பெயரிலிருந்து "லூனட்டிக்" நீக்கப்பட்டு, அது அரசு மனநல மருத்துவமனை ஆயிற்று. ஆனால் சட்டத்தில் அச்சொல் நீடித்தது. 1987இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோதே 1912ஆம் ஆண்டுச் சட்டம் முடிவுக்கு வந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயுற்றோர் தம் சிகிச்சை குறித்து முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை வழங்கியது.

இங்கிலாந்தில் 1930ஆம் ஆண்டின் சட்டம் இச்சொல்லுக்குப் பதிலாக வேறு தொடரைக் கொண்டுவந்தது. ஐக்கிய அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து இதனை நீக்கும் சட்டமுன்வரைவு 2012 திசம்பரில் கீழவையில் 398க்கு 1 என்னும் வாக்குகளில் நிறைவேறி, அதே மாதத்தில் சட்டமாயிற்று. பேச்சுவழக்கில் இதன் குறுக்கமான "லூனி" இன்றும் இழிசொல்லாக வழங்குகிறது.

ஆய்வுகள்

முழுநிலவுக்கும் மனநிலைக்கும் தொடர்பு உண்டா என்பது பலமுறை ஆராயப்பட்டுள்ளது. 1985இல் சேம்சு ரோட்டன், ஐவன் கெல்லி ஆகியோர் 37 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். மனநல மருத்துவமனைச் சேர்க்கை, குற்றங்கள் முதலியவற்றில் காணப்படும் ஏற்ற இறக்கங்களில் நிலவின் பிறைகளால் விளக்கக்கூடியது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என அவர்கள் கண்டனர். சட்டங்களில் நூற்றாண்டுகளாக இடம்பெற்ற சொல்லின் அடிப்படைக் கருத்துக்குச் சான்று இல்லை என்பதை இது காட்டுகிறது.

தமிழுடன் ஒப்பீடு

தமிழில் "திங்கள்" என்னும் ஒரே சொல் நிலவு, மாதம், கிழமை ஆகிய மூன்றையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இவற்றுக்கு ஒரே வேரிலிருந்து பிறந்த மூன்று தனிச்சொற்கள் உள்ளன. தமிழில் வழங்கும் "மாதம்" என்பது சமசுகிருதத்தின் "மாச" என்பதிலிருந்து வந்ததால், அது ஆங்கிலத்தின் "மன்த்" என்பதற்கு உறவுச் சொல்லாகிறது. "தேன்நிலவு" என்பது ஆங்கிலத் தொடரின் நேரடி மொழிபெயர்ப்பு. ஆயினும் தேய்தல் என்னும் பழைய எள்ளற்பொருள் தமிழுக்கு வரவில்லை.

தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் காணப்படும் "சந்திரரோகி" என்னும் சொல்லும் மேற்கூறிய கிரேக்க வழக்கின் வழிவந்ததே. பேச்சுத்தமிழில் நிலவின் இடத்தை ஓர் ஊர்ப்பெயர் பெற்றது. காப்பகத்தின் பெயர் பலமுறை மாறிய பின்னும், "கீழ்ப்பாக்கம்" என்பது மனநோயுற்றோரை எள்ளும் சொல்லாகத் திரைப்படங்களிலும் பேச்சிலும் வழங்கிவந்துள்ளது. சட்டத்தில் ஒரு சொல்லை நீக்கினாலும், அதனுடன் ஒட்டிய இழிவு வேறொரு சொல்லுக்கு இடம்பெயரக்கூடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

இவற்றையும் பார்க்க

நிலா
சொற்பிறப்பியல்
நாட்காட்டி
செலீனியம்
மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017