கடைசி வரியில் நின்ற கழகம்: ஈஸ்ட் ஸ்டேர்லிங்ஷயரின் 116 வருசங்கள்

அலெக்ஸ் பேர்குசனைத் தெரியாத உதைபந்தாட்ட ரசிகரை எங்கட பக்கத்தில் கண்டுபிடிக்கிறது கஷ்டம். மன்செஸ்டர் யுனைட்டட் பிடிக்காதவர்களுக்கும் அவரைத் தெரியும். ஆனால் அவர் முதன்முதலாக முகாமையாளராக இருந்த கழகம் எது எண்டு கேட்டால் பெரும்பாலும் அபர்டீன் எண்டுதான் பதில் வரும். கொஞ்சம் கூடத் தெரிந்தவர்கள் சென்ட் மிரன் எண்டு சொல்லுவார்கள். ரெண்டும் பிழை. 1974 கோடையில், 32 வயதில், அவர் பொறுப்பெடுத்தது ஈஸ்ட் ஸ்டேர்லிங்ஷயர் என்ற ஒரு சின்னக் கழகத்தை. பகுதிநேர வேலை, வாரச் சம்பளம் 40 பவுண். போன நேரம் கழகத்தில் இருந்த வீரர்களை வைத்து ஒரு முழு அணியையே இறக்க ஏலாது, கோல்காப்பாளரும் இல்லை. அயல் கழகமான போல்கேர்க்கை வெல்லும் அளவுக்கு அணியைக் கொண்டு வந்தார். ஒக்டோபரில் சென்ட் மிரனுக்குப் போய்விட்டார். நாலு மாதம் கூட முழுசா இல்லை.

இந்தக் கழகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக இந்த நாலு மாதத்தோடு நிற்பாட்டி விடுவார்கள். நாங்கள் மற்றப் பக்கத்தைப் பார்க்கப் போகிறோம். அந்த நாலு மாதத்துக்கு முன்னும் பின்னும் கிடக்கிற நூற்றுச் சொச்சம் வருசங்களின் புள்ளி அட்டவணைகள் என்ன சொல்லுது? அதைவிட, என்ன சொல்லாமல் விடுது?

ரெண்டு தரம் மேலே

கிளாஸ்கோவுக்கும் எடின்பரோவுக்கும் இடையில் இருக்கிற தொழிற்சாலை நகரம் போல்கேர்க். அந்த நகரத்திலேயே போல்கேர்க் என்ற பெயரில் ஒரு பெரிய கழகம் உண்டு. நகரத்தின் பெயின்ஸ்போர்ட் பகுதியில் தொடங்கி, 1881இல் ஈஸ்ட் ஸ்டேர்லிங்ஷயர் என்ற பெயரை எடுத்தது எங்கட கதையின் கழகம். ரசிகர்கள் சுருக்கமாக 'ஷயர்' என்பார்கள். கறுப்பு வெள்ளைச் சட்டை. 1900இல் ஸ்கொட்லாந்து லீக்கின் இரண்டாம் பிரிவில் சேர்ந்தது.

அதற்குப் பிறகு முதலாம் பிரிவில் அது விளையாடியது ரெண்டே ரெண்டு பருவங்கள். 1931-32இல் சென்ட் ஜோன்ஸ்டனோடு சம புள்ளி எடுத்து, கோல் சராசரியில் முந்தி, இரண்டாம் பிரிவுச் சாம்பியனாகி மேலே போனது. அடுத்த பருவமே கடைசி இடம், கீழே இறங்கியது. பிறகு மேலே போக 31 வருசம் எடுத்தது. 1963-64இல் திரும்பவும் முதலாம் பிரிவு, திரும்பவும் கடைசி. 34 போட்டிகளில் 5 வெற்றி.

ஒரே நகரத்தில் ரெண்டு கழகம் இருந்தால் ரசிகர் கூட்டமும் ரிக்கட் காசும் பெரிய கழகத்துக்குத்தான் போகும். நல்ல வீரன் ஒருவன் வந்தால் அவனும் கொஞ்ச நாளில் போய்விடுவான். 1979-80இல் ஷயர் அருமையாக விளையாடி ஒரு பிரிவு மேலே ஏறியது. அந்தப் பருவத்திலும் சாம்பியன் போல்கேர்க், ஷயர் இரண்டாம் இடம். தன்ர சொந்த ஊரிலேயே ரெண்டாவதாக இருக்கிறதுதான் இந்தக் கழகத்தின் விதி போல.

அட்டவணையில் இல்லாத வெற்றி

ஷயரின் மிகப் பெரிய வெற்றி மைதானத்தில் நடக்கவில்லை. 1964இல் முதலாம் பிரிவிலிருந்து இறங்கிய கையோடு, கழகத்தைக் கட்டுப்படுத்திய ஸ்டீட்மன் சகோதரர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். போல்கேர்க்கில் கூட்டம் வராது. கிளாஸ்கோவுக்கு மேற்கே கிளைட்பாங்க் என்ற கப்பல் கட்டும் நகரத்தில் அப்போது லீக் கழகம் இல்லை. அப்படியெண்டால் கழகத்தையே அங்கே தூக்கிக்கொண்டு போனால் என்ன? அங்கிருந்த ஜூனியர் கழகத்தோடு இதை இணைத்தார்கள். 1964-65 பருவத்தில் 'ஈ.எஸ். கிளைட்பாங்க்' என்ற பெயரில் கில்போவி பார்க் மைதானத்தில் ஒரு அணி விளையாடியது.

ஒரு வியாபாரியின் கண்ணால் பார்த்தால் இதில் பிழையே இல்லை. நட்டத்தில் ஓடுகிற கடையை ஆள் நடமாட்டம் உள்ள சந்திக்கு மாற்றுகிற மாதிரித்தான். ஆனால் போல்கேர்க்கில் இருந்த ரசிகர்களும் சிறு பங்குதாரர்களும் அப்படிப் பார்க்கவில்லை. அவர்கள் ஸ்கொட்லாந்தின் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வென்றார்கள். 1965இல் கழகம் பழைய பெயரோடு பேர்ஸ் பார்க் மைதானத்துக்குத் திரும்பி வந்தது.

லீக் அட்டவணையில் இந்த வெற்றிக்குப் புள்ளி கிடையாது. 1964-65க்கு நேரே ஒரு விசித்திரமான பெயர் மட்டும் நிற்கும். அட்டவணையை மட்டும் வாசிக்கிறவர் அதை ஒரு பெயர் மாற்றம் எண்டு நினைத்துக் கடந்து போவார். கழகம் ஆருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்விக்கு அந்த ஒரு வரிக்குள்ளேதான் பதில் கிடக்குது: பங்குகளை வைத்திருக்கிறவனுக்கா, மழையில நனைஞ்சு பார்க்க வாறவனுக்கா?

இந்தக் கதைக்கு ஒரு வால் இருக்கு. கிளைட்பாங்க் பிறகு தனிக் கழகமாக 1966இல் லீக்குக்குள் வந்தது. 2002இல் அந்தக் கழகத்தையே வேறு ஆட்கள் வாங்கி எயார்ட்ரி நகரத்துக்குக் கொண்டு போனார்கள். இந்த முறை தடுக்க ஏலவில்லை. கிளைட்பாங்க் ரசிகர்கள் அடிமட்டத்திலிருந்து திரும்பக் கழகம் கட்ட வேண்டி வந்தது.

ஐந்து வருசம் கடைசி

இனி எல்லாரும் சிரிக்கிற பகுதி. 2002-03 தொடங்கி 2006-07 வரை தொடர்ந்து ஐந்து பருவங்கள் ஷயர் மூன்றாம் பிரிவின் கடைசி இடம். அது அப்போது நாலாவது அடுக்கு, அதாவது முழு லீக்கின் கடைசி. 2003-04 தான் ஆக மோசம். 36 போட்டி, 2 வெற்றி, 2 சமநிலை, 32 தோல்வி. அடித்த கோல் 30, வாங்கிய கோல் 118. மொத்தம் 8 புள்ளி. அதிலும் 3 புள்ளி கடைசி நாளில் எல்ஜின் சிற்றியை 2-1 என்று வென்றதால் வந்தது. அடுத்த பருவத்தை வைத்து ஒரு பத்திரிகையாளர் புத்தகமே எழுதினார்; பிரித்தானியாவின் ஆக மோசமான அணி எண்டு அட்டையிலேயே போட்டு.

வீரர்களுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த சம்பளம் வாரம் 10 பவுண். 1974இல் பேர்குசனுக்குக் கொடுத்ததில் கால்வாசி, அதுவும் 30 வருசத்துக்குப் பிறகு! மற்றக் கழகங்கள் கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்தபோது ஷயர் கையில் இருக்கிற காசுக்குள் நின்றது.

இதே ஐந்து வருசத்தில் அதே பிரிவில் இன்னொரு கழகமும் இருந்தது. இங்கிலாந்து எல்லையில் உள்ள கிறெட்னா என்ற குட்டி ஊர். 2002இல் லீக்குக்குள் வந்தது. ஒரு பணக்கார உரிமையாளரின் காசில் 2004-05, 2005-06, 2006-07 என்று மூன்று பருவங்களில் மூன்று பிரிவு ஏறியது. 2006இல் ஸ்கொட்டிஷ் கப் இறுதிப் போட்டிக்கே போய் ஹார்ட்ஸிடம் பெனால்டியில் தோற்றது. உரிமையாளருக்கு நோய் வந்து காசு நிண்டது. 2008இல் கழகம் இல்லாமல் போனது.

அட்டவணையை மட்டும் பார்த்தால் அந்த ஐந்து வருசத்தில் கிறெட்னா வெற்றி, ஷயர் தோல்வி. ஆனால் 2008-09இல் கிறெட்னா லீக்கில் இல்லை. ஷயரோ மூன்றாம் இடத்துக்கு வந்து தரமுயர்வுக்கான பிளே-ஓஃபில் விளையாடியது. அடுத்த பருவமும் அப்படியே.

கதவு

ஐந்து தரம் கடைசியாக வந்தும் ஷயர் எப்படி லீக்கில் இருந்தது எண்டு கேட்கலாம். அந்தக் காலத்தில் லீக்கின் கீழே கதவு இல்லை. உள்ளே இருக்கிறவர் உள்ளே, வெளியே இருக்கிறவர் வெளியே. 2014-15 பருவத்தில்தான் அது மாறியது. ஹைலண்ட் லீக் சாம்பியனும் லோலண்ட் லீக் சாம்பியனும் மோதி, வென்றவர் கடைசிக் கழகத்தோடு மோத வேண்டும்.

2016இல் ஷயர் திரும்பவும் கடைசி. எடின்பரோ சிற்றியோடு முதல் போட்டி 1-1. இரண்டாவதில் 1-0 என்று தோல்வி, அதுவும் கடைசி நேரப் பெனால்டியால். இந்த வழியில் லீக்கை விட்டு வெளியேறிய முதல் கழகம் ஷயர்தான். 1900இல் உள்ளே வந்தது, 116 வருசத்தின் பின் வெளியே.

நாங்கள் ஷயரின் ரசிகர்கள் எண்டாலும் ஒரு விசயத்தை ஒப்புக்கொள்ள வேணும். இந்த மாற்றம் நியாயமானது. பல வருசம் கதவுக்கு வெளியே நல்லாக விளையாடிக்கொண்டு நின்ற கழகங்களுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். மூடின கதவு ஷயரைக் காப்பாற்றியது; ஆனால் கடைசியில் வந்தாலும் ஒண்டும் நடக்காது என்ற நிலைமை ஒரு கழகத்தை எவ்வளவு தூங்க வைக்கும் என்பதையும் யோசிக்க வேணும்.

இதற்கிடையில் இன்னொரு இழப்பு, 2008இல். 1921இலிருந்து விளையாடிய பேர்ஸ் பார்க்கை விட்டு, பக்கத்து ஊர் ஸ்டென்ஹவுஸ்முயர் கழகத்தின் மைதானத்துக்குக் குடியிருக்கப் போனார்கள். பேர்ஸ் பார்க்கில் நடந்த கடைசிப் போட்டியில் மொன்ட்ரோஸை 3-1 என்று வென்றார்கள். பிறகு அந்த மைதானம் இடிக்கப்பட்டது. 2018இல் போல்கேர்க் நகரத்துக்குத் திரும்பி வந்தபோது குடியிருந்தது பெரிய அயலவரின் மைதானத்தில். 1965இல் நீதிமன்றம் போய் மீட்ட மண் இப்போது இல்லை. கழகம் இருக்கு, சனிக்கிழமைகளில் விளையாடுது.

வரலாற்றுப் பாடத்தில் எங்களுக்குச் சொல்லித் தாறது பெரும்பாலும் ஆர் வென்றது, எந்த ஆண்டு என்பதுதான். ஷயரை அப்படி எழுதினால் அரைப் பக்கம் கூட வராது: ஒரு இரண்டாம் பிரிவுச் சாம்பியன் பட்டம், பிறகு பேர்குசன். தோற்ற கழகத்தின் கதையை எழுதப் போனால்தான் காசு எங்கே போனது, கதவை ஆர் வைத்திருந்தது, மைதானம் ஆரின் பெயரில் இருந்தது எண்டு கேட்க வேண்டி வருது. அடுத்த முறை ஏதாவது ஒரு லீக் அட்டவணையைப் பார்க்கும்போது முதல் வரியை விட்டுவிட்டுக் கடைசி வரியிலிருந்து மேலே வாசித்துப் பாருங்கள்.